போலீசைத் தட்டிக் கேட்பது யார்?



இரவோடு இரவாக உங்கள் பிள்ளையைப் போலீஸ் பிடித்துச் சென்றால் எங்கே ஓடுவீர்கள்? லாக்காப்பில் அவனுக்கு ஏதாவது நேர்ந்தால் யாரிடம் நியாயம் கேட்பீர்கள்?

2005-ஆம் ஆண்டிலேயே அரச ஆணையம் ஒன்று போலீஸ் சீர்திருத்தத்துக்கு 125 பரிந்துரைகளை முன்வைத்தது. புகார்களை விசாரித்து, தவறு செய்தவரைத் தண்டிக்கும் அதிகாரமும் கொண்ட சுயேச்சை ஆணையம் வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது.

2023 ஜூலை 1-இல்தான் ஓர் ஆணையம் நடைமுறைக்கு வந்தது. அது விசாரிக்கலாம், தண்டிக்க முடியாது. ஒழுங்கு நடவடிக்கையைப் போலீஸ் படை ஆணையத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். அதன் தலைவர் யார்? போலீசுக்குப் பொறுப்பான அமைச்சர். தேசிய போலீஸ் படைத் தலைவரும் அதில் உறுப்பினர். வேலி பயிரை மேய்ந்தால், வேலியிடமே முறையிடுவதா?

நேர்மையான போலீஸ்காரர்களின் பெயரைக் காக்கவும் இந்தச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.

அதுவரை இவற்றை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவுப்படி, கைதானவர் குடும்பத்தாரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளக் கேட்கலாம். சாதாரண வழக்குகளில் 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையா? தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் உதவியைக் கேளுங்கள்.

அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவர் அரிசி மூட்டையை நீட்டினால், ஒரு கேள்வி கேளுங்கள்: "தண்டிக்கும் அதிகாரமுள்ள ஆணையத்துக்கு நாடாளுமன்றத்தில் கை தூக்குவீர்களா?"