முடிவில்லாத ஆட்டங்கள்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் மாலை நேரத்தில் ஒரு பெட்டியைப் பாருங்கள். வேலை முடிந்து திரும்பும் பெண் ஒரே நிற மிட்டாய்களை வரிசை சேர்த்துக்கொண்டிருப்பார். எதிரில் இருக்கும் பெரியவர் லூடோவில் காய் நகர்த்துவார். கதவோரம் நிற்கும் மாணவர்கள் நான்கு பேர் ஒரே ஸ்குவாடாகச் சேர்ந்து எதிரிகளைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். பையன்களைக் கேட்டால் “கேம் ஆடுறோம்” என்பார்கள். மற்ற இருவரும், “நான் கேமெல்லாம் ஆடுறதில்லை, சும்மா பொழுது போகணுமே” என்பார்கள். ஆடுவதாகவே தோன்றாத அளவுக்கு வீடியோ கேம் அன்றாடத்தில் கலந்துவிட்டது.

தொலைக்காட்சிப் பெட்டியில் கேசட் செருகி மரியோ ஆடியது ஒரு காலம். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துக் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடியது அடுத்த காலம். இரண்டுக்கும் ஓர் இடம் இருந்தது, ஒரு நேரம் இருந்தது. 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிந்ததும் அந்த வேலி போயிற்று. 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக வீட்டுக்கு வீடு ஸ்மார்ட்போன் வாங்கினோம். பாடத்தோடு ஆட்டமும் பிள்ளைகளின் கைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பப்ஜி மொபைலை மத்திய அரசு தடை செய்தது. அடுத்த ஆண்டே அது வேறு பெயரில் திரும்பியது.

இந்தப் பரவலைக் கண்டு பதற வேண்டியதில்லை. விளையாடாத சமூகம் எங்கும் இருந்ததில்லை. நம் கோயில் மண்டபத் தரைகளில் தாயக்கட்டமும் ஆடுபுலி ஆட்டமும் கல்லிலேயே செதுக்கப்பட்டுக் கிடக்கின்றன. ஆட்டத்தின் அமைப்பு மாறியதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

1997இல் நோக்கியா 6110 கைபேசியில் வந்த பாம்பு ஆட்டத்தில் பாம்பு சுவரிலோ தன் உடம்பிலோ மோதினால் ஆட்டம் முடிந்தது. தாயத்தில் எல்லாக் காயும் பழமானால் முடிந்தது. இன்றைய இலவச ஆட்டங்கள் முடிவதில்லை. முடிந்தால் நிறுவனத்துக்கு வருமானம் இல்லை. 2012இல் வந்த கேண்டி க்ரஷில் ஐந்து ‘லைஃப்’ தீர்ந்தால், ஒன்று திரும்ப அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர் காசு கொடுக்கலாம். மற்ற ஆட்டங்களில் தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் சேர்த்த தொடர்ச்சி அறுந்துபோகும். ஆட்டத்துக்குள் விற்கப்படும் பரிசுப் பெட்டியைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாது. நிச்சயமில்லாத பரிசுக்காக உயிரினம் எவ்வளவு விடாமல் முயலும் என்பதைப் புறாக்களை வைத்துக் காட்டினார் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர். அந்தப் பாடம் இப்போது பத்து வயதுப் பிள்ளையிடம் நடத்தப்படுகிறது.

“சாப்பிட வாடா” என்று அம்மா கூப்பிடுகிறார். “மேட்ச் ஓடிட்டு இருக்கும்மா, பாதியில வர முடியாது” என்கிறான் மகன். அடங்காத பிள்ளை என்று வீட்டில் சண்டை மூள்கிறது. ஆனால், பையன் பொய் சொல்லவில்லை. பழைய கேசட் ஆட்டத்தில் நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருந்தது. ஆன்லைனில் குழுவாக ஆடும் ஆட்டத்தை யாருக்காகவும் நிறுத்த முடியாது. நடுவில் விலகினால் தோழர்கள் தோற்பார்கள், தரவரிசையும் இறங்கும். தாய்க்கும் மகனுக்கும் இடையில் இந்தச் சண்டையைக் கொண்டுவந்து வைத்தவர்கள் அந்த வீட்டில் இல்லை.

இந்த உத்தி ஆட்டத்தைத் தாண்டியும் வந்துவிட்டது. பணம் அனுப்பினால் சுரண்டிப் பார்க்க ஓர் அட்டை. மொழி கற்கும் செயலியில் தினசரித் தொடர்ச்சி. உணவு கொண்டுவரும் தொழிலாளியின் திரையில், இன்னும் இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு இன்சென்டிவ் என்று அளவுகோல் ஏறுகிறது. நமக்குப் பொழுதுபோக்கான அதே வடிவம், அவரை மழையிலும் சிக்னலைத் தாண்ட வைக்கிறது. கூலியை விளையாட்டாக மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் சட்டங்கள் இதுவரை பார்த்தது பணத்தை மட்டும்தான். ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம், 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. 2025 ஆகஸ்டில் பணத்தைப் பந்தயமாகக் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் நாடாளுமன்றம் தடை செய்தது. இரண்டும் தேவையானவை. ஆனால், பந்தயம் இல்லாத ஆட்டம் என்றால் ஆபத்தில்லாத ஆட்டம் என்ற எண்ணத்தையும் அவை விதைத்துவிட்டன.

நேரக் கட்டுப்பாடும் முழுத் தீர்வு ஆகாது. நள்ளிரவுக்குப் பின் சிறுவர்கள் ஆடக் கூடாது என்று 2011இல் சட்டம் போட்ட தென்கொரியா, பத்தாண்டுகளில் அதைக் கைவிட்டது. பிள்ளைகள் அதற்குள் கைபேசிக்கு மாறியிருந்தார்கள், அந்தச் சட்டமோ கைபேசி ஆட்டங்களைத் தொடவே இல்லை. சீனா 2021இல் வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்று சுருக்கியது. இரண்டும் பிள்ளையைக் கட்டுப்படுத்தின. அமெரிக்காவில் 2022இல் ஃபோர்ட்நைட் ஆட்டத்தை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், சிறுவர்களின் தரவுகளைத் திரட்டியதற்காகவும் ஏமாற்று வடிவமைப்பால் பணம் செலவழிக்க வைத்ததற்காகவும் 52 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அங்கே கேள்வி நிறுவனத்திடம் கேட்கப்பட்டது. சரியான வழி இதுதான்.

நம்மிடமும் கருவி இருக்கிறது. நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. அவற்றை 18 வயதுக்கு உட்பட்டோர் ஆடும் ஆட்டங்களுக்கு வெளிப்படையாக நீட்டிக்க வேண்டும். என்ன வரும் என்று தெரியாத பெட்டிகளைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது. ஒரு நாள் வராமல் போனதற்கு இழப்பு கூடாது. ஒவ்வொரு சுற்றும் எத்தனை நிமிடம் என்பது தொடங்கும் முன்பே தெரிய வேண்டும். 2025 சட்டம் ஓர் ஆணையம் அமைக்கவும் இடம் தருகிறது. அந்த ஆணையம் இந்தப் பொறுப்பையும் ஏற்கட்டும். பணப் பந்தய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டம் இரு அவைகளையும் கடந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற மூன்றே நாள்தான் ஆனது. பிள்ளைகளுக்காகவும் அந்த வேகத்தை அரசு காட்ட வேண்டும்.