முகத்துக்கு நேரே பாயும் ஈட்டி! கண்ணாடியைக் கழுவுவது யார்?

சிவகாசி:

திரையில் இருந்து ஒரு கம்பு நீளுகிறது. நீண்டு கொண்டே வருகிறது. முன் பெஞ்சுக்காரர் தலையைத் தாண்டி, பின்னால் இருப்பவர் மூக்கு நுனியில் வந்து நிற்கிறது. "டேய், குனிடா!" என்று இருட்டில் ஒரு குரல். கொட்டகை முழுக்கத் தலைகள் சாய்கின்றன. அடுத்த விநாடி ஒரே சிரிப்பு, ஒரே விசில்!

1984, 85ம் ஆண்டுகளில் 3டி படம் பார்த்தவர்களுக்கு இது மறந்திருக்காது. வாசலில் கண்ணாடி கொடுப்பார்கள். அதை மூக்கில் மாட்டிக்கொண்டு பயம் பாதி, குஷி பாதியாக உட்கார்ந்திருந்த கூட்டம் அது. ஆனால் அந்த அலையில் கத்தி, ரத்தம், பிசாசு என்று வந்த படங்கள் எங்கே போயின? பெயரைச் சொன்னால், "அப்படி ஒரு படம் வந்ததா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

ரசிகர்களுக்கு அலுத்துவிட்டது என்று சினிமாக்காரர்கள் கையை விரிப்பார்கள். ரசிகன் மேல் பழியைப் போடுவது சுலபம். படம் எடுத்தவர்களும் சரி, காட்டியவர்களும் சரி, ரசிகனின் சட்டைப் பையைப் பார்த்த அளவுக்கு அவன் கண்ணைப் பார்க்கவில்லை என்பதே உண்மை.

கண்ணிலேயே குறி!

இந்தக் கத்திக் கூத்துக்கு முன்னோடி அமெரிக்காவில் வந்தது. 1982 ஆகஸ்ட் 13ந் தேதி, அதுவும் வெள்ளிக்கிழமை, 'பிரைடே தி தர்ட்டீன்த்' படத்தின் மூன்றாம் பாகத்தை 3டியில் வெளியிட்டார்கள். ஸ்டீவ் மைனர் டைரக்ஷன். ஏரிக்கரைக்கு லீவு கழிக்க வந்த இளவட்டங்களை ஜேசன் என்ற கொலைகாரன் ஒவ்வொருவராகத் தீர்த்துக் கட்டுகிறான். அவ்வளவுதான் கதை. ஐஸ் ஹாக்கி முகமூடியை அவன் முதன்முதலாக மாட்டியது இந்தப் படத்தில்தான்.

மீன் குத்துகிற ஈட்டி ஒன்று பெண்ணின் கண்ணில் பாய்கிறது. இன்னொருவன் மண்டையை ஜேசன் இரண்டு கையாலும் நசுக்க, விழி பிதுங்கித் தெறித்து, பார்ப்பவர் முகத்துக்கே வருகிறது. கொலை நடக்காத நேரத்திலும் சும்மா விடவில்லை. துணி காயப்போடும் கம்பு, யோயோ, சோளப்பொரி என்று ஏதாவது ஒன்று திரையை விட்டு வெளியே வந்து விழுந்தபடி இருக்கிறது.

முதல் தடவை ஈட்டி வந்தால் நெஞ்சு 'திக்' என்கிறது. இரண்டாம் தடவை பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது. ஐந்தாம் தடவை, "அடுத்தது என்ன வரும், சொல்லு பாப்போம்" என்று பந்தயம் கட்டத் தோன்றுகிறது. செத்தவள் யார், ஏன் செத்தாள் என்று எவருக்கும் கவலை இல்லை. அந்த இடத்தில் பயம் செத்துப் போகிறது.

இந்தியாவிலும் அதே கதைதான். 'புரானா மந்திர்' என்ற இந்திப் பேய்ப்படத்தை 1984ல் எடுத்து வசூலை அள்ளியவர்கள் ராம்சே சகோதரர்கள். அதில் சாம்ரி என்ற பிசாசாக வந்த நெட்டை ஆள் அனிருத் அகர்வாலையே வைத்து, அடுத்த ஆண்டு 'சாம்ரி' என்று 3டியில் ஒரு படம் விட்டார்கள். பேய்ப்பட ரசிகர்களிடம் 'புரானா மந்திர்' இன்றும் பேச்சில் இருக்கிறது. 'சாம்ரி' நினைவில் இருப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தமிழில் யானை, பாம்பு, ஆடு வைத்துப் படம் எடுத்துப் பேர் வாங்கிய தேவர் பிலிம்ஸ், 1985ல் 'அன்னை பூமி'யை 3டியில் கொண்டு வந்தது. ஆர்.தியாகராஜன் டைரக்ஷன், மதுரைக்காரர் விஜயகாந்த் கதாநாயகன். ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்து இந்த வட்டாரத்துக்குக் காமராஜர் பெயரில் தனி மாவட்டம் பிறந்ததும் அதே 1985ல்தான். சினிமா போஸ்டர் அடிப்பதில் சிவகாசி அச்சாபீசுகளுக்கு ஈடு கிடையாது. படம் 3டி என்றாலும் போஸ்டர் என்னவோ தட்டைதான்!

நீட்டிய கைகள்

எல்லாப் 3டி படமும் மறந்து போகவில்லை. இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984 ஆகஸ்ட் 24ந் தேதி வந்தது. கேரளத்து நவோதயா அப்பச்சன் தயாரிப்பு, மகன் ஜிஜோ டைரக்ஷன், இளையராஜா இசை. மந்திரவாதியிடம் மாட்டிக்கொண்ட ஒரு குட்டிச்சாத்தானை மூன்று பிள்ளைகள் விடுவித்துச் சிநேகம் பிடிக்கிறார்கள். சுவரிலும் கூரையிலும் பிள்ளைகள் நடந்து ஆடிய பாட்டைப் பார்த்து வாய் பிளக்காதவர்கள் இல்லை.

அதிலும் பொருள்கள் வெளியே வரத்தான் செய்தன. ஆனால் ஐஸ்கிரீம் நீண்டு வந்தபோது யாரும் குனியவில்லை. மடியில் இருந்த பிள்ளைகள் எட்டிப் பிடிக்கக் கையை நீட்டின. அப்பாக்களும் நீட்டினார்கள், பிறகு வெட்கப்பட்டு மடக்கிக் கொண்டார்கள்!

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஒரு படம் ரசிகனைப் பின்னுக்குத் தள்ளியது, இன்னொன்று முன்னுக்கு இழுத்தது. அதனால்தான் குட்டிச்சாத்தான் 1998ல் இந்தியில் 'சோட்டா சேத்தன்' என்று மறுபடி ஓடியது. 2010ல் பிரகாஷ்ராஜ், சந்தானம் காட்சிகளைச் சேர்த்துத் தமிழில் 'சுட்டிச் சாத்தான்' என்று திரும்பவும் வந்தது. விழி தெறிக்கிற படத்தைக் குடும்பத்தோடு இரண்டாம் முறை பார்க்க எவர் வருவார்?

கார்பன் மிச்சம், கண் நட்டம்

படத்தைக் காட்டியவர்கள் செய்த கூத்து வேறு.

அந்தக் காலத்து 3டியில் ஒரே பிலிமில், ஒரே கட்டத்துக்குள், மேலே ஒரு படம், கீழே ஒரு படம் இருக்கும். ஒன்று வலது கண்ணுக்கு, மற்றது இடது கண்ணுக்கு. புரொஜக்டரில் தனி லென்ஸ் மாட்டி இரண்டையும் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக விழச் செய்ய வேண்டும். எந்தப் படம் எந்தக் கண்ணுக்கு என்று பிரித்து அனுப்புவது ரசிகன் மாட்டியிருக்கிற கண்ணாடியின் வேலை.

இதில் ஒரு நூல் பிசகினாலும் போச்சு! ஒரு கண்ணுக்குப் படம் மேலேயும், மறு கண்ணுக்குக் கீழேயும் விழும். அரை மணி நேரத்தில் தலைவலி மண்டையைப் பிளக்கும். திரைக்கும் வெள்ளிப் பூச்சு வேண்டும். சாதாரண வெள்ளைத் திரையில் விழுந்தால் ஒளி கலைந்து, ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். வெள்ளித் திரையிலும் நடு சீட்டுக்காரருக்குத்தான் நல்ல வெளிச்சம். ஓரத்து சீட்டுக்காரருக்கு மங்கல்தான்.

வெளிச்சம் இன்னொரு தலைவலி. பாதி பிலிம்தான் ஒரு கண்ணுக்கு. அதில் லென்ஸ் முன்னால் உள்ள வடிகட்டி பாதிக்கு மேல் தின்றுவிடும். கண்ணாடி இன்னும் கொஞ்சம் தின்னும். அப்படியானால் வழக்கத்தைவிட அதிகமாக விளக்கு எரிய வேண்டும் அல்லவா? கார்பன் குச்சியில் மிச்சம் பிடிக்கிற முதலாளிகள் வழக்கத்தையே எரிக்கவில்லை. பிசாசு வந்ததா, பூனை வந்ததா என்று தெரியாத இருட்டில் ரசிகன் எதைக் கண்டு பயப்படுவான்?

கண்ணாடியில் வந்த பீதி

கண்ணாடி விஷயம் இன்னும் மோசம். பகல் காட்சிக்கு ஒருவர் மாட்டியதை மாலைக் காட்சிக்கு இன்னொருவர் மாட்ட வேண்டும். வேர்வை, எண்ணெய், கண் மை எல்லாம் ஒட்டியிருக்கும். குட்டிச்சாத்தான் ஓடிய சமயத்தில், கண்ணாடியால் கண்வலி பரவுகிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பி, கூட்டம் தயங்க ஆரம்பித்தது. 'மெட்ராஸ் ஐ' வந்த வீட்டில் ஒருவர் பாக்கி இல்லாமல் கண் சிவந்து கிடப்பதைப் பார்த்த ஜனங்கள், பயப்படாமல் என்ன செய்வார்கள்?

படக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பிரேம் நசீர், அமிதாப் பச்சன், ரஜினிகாந்த், சிரஞ்சீவி போன்றவர்களையே படத்தின் தொடக்கத்தில் தோன்ற வைத்து, "ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடி சுத்தம் செய்யப்படுகிறது" என்று சொல்ல வைத்தார்கள். ஜனங்கள் நம்பினார்கள். சூப்பர் ஸ்டார் சொன்னால் போதாதா? ஆனால் ஒவ்வொரு ஊர்க் கொட்டகையிலும் வாளியும் சோப்புத் தண்ணியும் வைத்துக் கழுவ வேண்டியது ரஜினி இல்லையே!

அந்தப் பயம் அசட்டுப் பயமும் அல்ல. 'மெட்ராஸ் ஐ' பெரும்பாலும் வைரசால் வருவது. கண்ணைத் தொட்ட கை, துண்டு, தலையணை வழியாகப் பரவும். இமையை ஒட்டி உட்காருகிற கண்ணாடியைத் துடைக்காமல் அடுத்தவருக்குக் கொடுப்பது எந்த விதத்தில் நியாயம்?

வெடி ஆபீஸ்காரர்கள் பார்த்தால்?

சென்னையிலோ மும்பையிலோ நெருப்பு முகத்துக்கு வந்தால் அது வேடிக்கை. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் அப்படி இல்லை. மருந்து கலக்குகிற ரூமில் ஒரு உராய்வு போதும். அது கண்ணாடியைக் கழற்றினால் மறைகிற நெருப்பு அல்ல. பகல் முழுக்க அந்தப் பயத்தோடு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, ராத்திரி டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பயம் ஒரு விளையாட்டு. அதனால்தானோ என்னவோ, இவர்கள் கொட்டகையில் மற்ற ஊர்க்காரர்களைவிட ஒரு படி அதிகமாகவே சிரிப்பார்கள்.

3டி அலை அடித்த அந்த வருஷங்களில், விடியுமுன்னே கிராமத்துக்குள் கம்பெனி பஸ் வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகள் தூக்குவாளியோடு ஏறும். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட, வெடி ஆபீசில் திரி வைக்க. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986ல்தான் வந்தது. குட்டிச்சாத்தானின் ஐஸ்கிரீமுக்கு நீண்ட கைகளில், விரல் இடுக்கில் மருந்து ஒட்டிய பிஞ்சுக் கைகளும் இருந்திருக்கும்.

2012 பிப்ரவரியில் 'அம்புலி' என்ற தமிழ்ப் படம் வந்தது. ஹரி சங்கர், ஹரீஷ் நாராயண் இருவரும் சேர்ந்து டிஜிட்டல் 3டியில் எடுத்த கொலைப் பிசாசுப் படம். அதே 2012 செப்டம்பர் 5ந் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருகினார்கள். அவர்களில் அங்கே வேலை பார்க்காதவர்களும் உண்டு. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவி செய்யவும், என்ன என்று பார்க்கவும் பக்கத்துக் கிராமங்களில் இருந்து ஓடி வந்தவர்கள் அடுத்த வெடியில் மாட்டிக்கொண்டார்கள். வானத்தில் பூப்பூவாய் வெடித்தால் நின்று பார்ப்பது இந்த ஊர்ப் பழக்கம்.

ஒற்றைக் கண்ணுக்கு என்ன வழி?

இந்த வட்டாரத்துக்கென்று இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை எந்தக் கொட்டகைக்காரரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

3டி என்பது இரண்டு கண்ணும் சேர்ந்து செய்கிற வேலை. ஒரு கண்ணில் பார்வை இல்லாதவருக்கு ஈட்டியும் வராது, ஐஸ்கிரீமும் வராது. மங்கலாக ஒரு தட்டைப் படம் மட்டும் தெரியும். பட்டாசு விபத்தில் கண் போனவர்கள் இந்த ஊரில் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள். தீபாவளி சமயத்தில் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு வெடிக் காயத்தோடு ஓடுகிற பிள்ளைகளும் உண்டு. எல்லோரும் "ஆ!" என்று குனிகிறபோது தான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும்? அவர்களிடமும் கண்ணாடிக் காசு வாங்கப்படுகிறது!

உலகத்தின் பேர்பெற்ற 3டி படங்களில் ஒன்று, 1953ல் அமெரிக்காவில் வந்த 'ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்'. மெழுகுப் பொம்மைக்குள் பிணம் இருக்கிற கொலைக் கதை. அதை டைரக்ட் செய்த ஆந்த்ரே டி டாத்துக்கு ஒரு கண்தான். ஊரே அலறிய தன் படத்தின் ஆழத்தை அவரால் பார்க்க முடியாது. ஆனாலும் பொருள்களை அள்ளி எறியாமல் கதையை நம்பி எடுத்தார், படம் நின்றது. இரண்டு கண் உள்ள டைரக்டர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி.

இப்போது பிலிமும் இல்லை, கார்பனும் இல்லை. டிஜிட்டலில் படம் பிசகாமல் விழுகிறது. ரஜினியின் '2.0' 2018ல் 3டியிலேயே எடுக்கப்பட்டு வந்தது. ஆனால் கண்ணாடி மட்டும் இன்றும் ஒருவர் மூக்கில் இருந்து அடுத்தவர் மூக்குக்குத்தான் போகிறது. சிவகாசி 2021ல் மாநகராட்சி ஆகிவிட்டது. வடைச் சட்டி எண்ணெயைப் பார்க்கிற சுகாதார ஆய்வாளர், தியேட்டருக்குள் போய் அந்தக் கண்ணாடிப் பெட்டியையும் ஒரு தடவை திறந்து பார்க்கட்டும். எப்போது, எதில் கழுவினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லட்டும்.

தியேட்டர்காரர்களும் ஒன்று செய்யலாம். "ஒரு கண் பார்வை உள்ளவர்களுக்கு 3டி தெரியாது, சாதா காட்சி இத்தனை மணிக்கு" என்று டிக்கெட் கவுண்டரில் ஒரு சிலேட்டில் எழுதித் தொங்கவிடலாம். ஒரு சாக்பீஸ் துண்டுதான் செலவு.