ஒப்பனை களைந்த பாட்டு

ஒரு பாட்டின் தரத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. அதற்குத் துணை நிற்கும் வாத்தியங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே சென்று, கடைசியில் ஒரு குரலும் ஒரு தந்தியும் மட்டும் எஞ்சும்போது பாட்டு நிற்கிறதா, விழுகிறதா என்று பார்ப்பதே அவ்வழி. ரயில்வே சரக்கு நிலையத்தில் பேரேடு எழுதும் நமக்கு இது புதிய கணக்கன்று. ஒவ்வொரு சரக்கு வாகனின் பக்கத்திலும் அதன் வெற்று எடை எழுதப்பட்டிருக்கும். மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால்தான் உள்ளே ஏற்றிய சரக்கு எவ்வளவு என்பது தெரியவரும். பாட்டுக்கும் அவ்வாறே கழித்துப் பார்க்க வேண்டிய எடை ஒன்று உண்டு.

இத்திங்கள் நாம் கேட்ட இசைத்தட்டு அத்தகைய கழித்தல் கணக்குகளின் தொகுப்பாகும். அலுவலக நண்பராகிய வங்காளி அன்பர் ஒருவர் தம் இளமைக்காலச் சேமிப்பிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். ‘தி அன்பிளக்டு கலெக்‌ஷன், முதல் தொகுதி’ என்பது அதன் பெயர். 1994-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவின் எம்.டி.வி. தொலைக்காட்சியினர் 1989 நவம்பரில் ‘அன்பிளக்டு’ என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கினர். அதில் புகழ்பெற்ற பாடகர்கள் ஒரு சிறு சபையின் முன்னிலையில் நேரில் பாடியவற்றிலிருந்து தெரிந்தெடுத்துக் கோத்த மாலையே இத்தட்டு. ‘அன்பிளக்டு’ என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டது என்று பொருள்.

பிளக்கைப் பிடுங்குவதில் என்ன பெருமை என்று நேயர்கள் வினவலாம். மேனாட்டு ராக் இசையின் உயிர்நாடி மின்சாரக் கித்தார். அதன் உடல் பெரும்பாலும் கட்டையாயிருக்கும். நம் வீணைக்குடம்போல் உள்ளே குடையப்பட்டதன்று. ஆகவே மின்சாரமின்றி மீட்டினால் அடுத்த அறைக்குக்கூட அதன் ஒலி எட்டாது. தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருள்கள் மின்னோட்டமாக மாற்ற, ஒலிபெருக்கி அதைப் பன்மடங்காக்குகிறது. அதனால் ஒரு சுரத்தை நெடுநேரம் நீட்டலாம், அலற வைக்கலாம், ஆயிரக்கணக்கானோர் கூடிய மைதானத்தையே நிறைக்கலாம். மரக்கித்தாருக்கோ அந்த வசதி இல்லை. மீட்டிய சுரம் சில கணங்களில் தேய்ந்து மறையும். மறைந்த இடத்தில் ஏற்படும் வெற்றிடத்தைப் பாடகர் தம் குரலாலும் சொல்லாலுமே நிரப்பியாக வேண்டும். ஒளிந்துகொள்ள இடமில்லை.

இத்தட்டில் இரண்டு பாட்டுகள் நம் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. முதலாவது, ஸ்டீவி ரே வான் பாடிய ‘பிரைட் அண்ட் ஜாய்’. 1983-இல் முதன்முதல் வந்தபோது அது மின்சாரக் கித்தாரின் முழக்கத்தோடும் துணைக் குழுவோடும் வந்தது. 1990 ஜனவரியில் அவர் இந்நிகழ்ச்சிக்கு வந்து, பன்னிரண்டு தந்திகள் கொண்ட மரக்கித்தார் ஒன்றை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு தனியாளாகவே அதைப் பாடினார். தாளமும் அவரே, மெட்டும் அவரே. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹெலிகாப்டர் விபத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 35. கேட்கையில் விரல் தந்தியில் உரசும் ஓசையுங்கூடக் காதில் விழுகிறது. மைதானக் கச்சேரியின் இரைச்சலில் அவ்வோசை யார் காதில் விழுந்திருக்கும்?

இரண்டாவது, நீல் யங் பாடிய ‘லைக் எ ஹரிக்கேன்’. ‘சூறாவளியைப் போல’ என்பது அத்தலைப்பின் பொருள். 1977-இல் வந்த மூலத்தில் மின்சாரக் கித்தார் உண்மையாகவே சூறாவளியாய்ச் சுழன்றடிக்கும். 1993-இல் அவர் அதே பாட்டைக் காலால் மிதித்துக் காற்றூட்டும் பழைய ஆர்கன் ஒன்றின் முன் அமர்ந்து பாடினார். நம் வீடுகளில் இருந்த கால் ஆர்மோனியத்தின் உறவினர் என்று அதைச் சொல்லலாம். பாட்டு வேகம் குறைந்து ஒரு தேவாலயத்துக் கீதம்போல் ஒலிக்கிறது. புயலின் முழக்கம் போய், புயலில் அகப்பட்ட மனிதன் முன்னே வந்து நிற்கிறான்.

இத்தொகுப்புக்கு அப்பாலும் அந்நிகழ்ச்சி பல நல்ல தட்டுகளை ஈன்றது. எரிக் கிளாப்டன் என்பவர் 1970-இல் ‘லைலா’ என்னும் பாட்டைக் கதறலாகப் பாடிப் புகழ்பெற்றவர். 1992 ஜனவரியில் இந்நிகழ்ச்சிக்காக இங்கிலாந்தில் அதையே மெதுவாக, தணிந்த குரலில், நாற்காலியில் அமர்ந்தபடி பாடினார். இளைஞனின் கதறலாக இருந்தது நடுவயதினனின் நினைவாக மாறிற்று. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவருடைய நான்கு வயது மகன் நியூயார்க்கில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் சன்னலிலிருந்து வீழ்ந்து இறந்திருந்தான். அத்துயரிலிருந்து பிறந்த பாட்டையும் அதே சபையில் பாடினார். அத்தட்டு 1993-இல் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி விருதைப் பெற்றது.

பால் மெக்கார்ட்னி 1991-இல் இந்நிகழ்ச்சியில் பாடியதைத் தனித்தட்டாகவே வெளியிட்டார். பீட்டில்ஸ் குழுவில் இருந்தபோது 1965-இல் தாமும் ஜான் லெனனும் சேர்ந்து இயற்றிய ‘வீ கேன் வொர்க் இட் அவுட்’ என்னும் பாட்டை அதில் பாடுகையில், தொடக்கத்திலேயே சொல் தடுமாறி நிறுத்திவிட்டார். சபையோர் சிரித்தனர், அவரும் சிரித்து மீண்டும் தொடங்கினார். உலகப் புகழ் வாய்ந்த ஒருவர் அந்தத் தடுமாற்றத்தை வெட்டி எறிந்திருக்கலாம். எறியாமல் தட்டிலேயே விட்டுவைத்தார். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் பயன்படும்.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்வதே முறை. பிளக்கைப் பிடுங்கியது என்பது முழு உண்மையன்று. பாடகரின் முன்னே மைக் இருந்தது, ஒலிப்பதிவுக் கருவிகள் இருந்தன, ஒத்திகையும் இருந்தது. நிர்வாணா என்னும் குழுவினர் 1993 நவம்பரில் நியூயார்க்கில் பாடியபோது, அதன் தலைவர் கர்ட் கோபேன் தம் கித்தாரை ஒலிபெருக்கி ஒன்றோடு இணைத்தே வாசித்தார். அது சபையோர் கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்தது. எளிமையும் சில வேளைகளில் ஓர் ஒப்பனையே. மேலும் மின்சாரத்தின்மேல் பழி போடுவதும் நன்றியாகாது. மைக் வருமுன் நம் நாடகமேடைப் பாடகர்கள் கடைசி வரிசைக்கு எட்டும்படி உச்சக்குரலில் பாட வேண்டியிருந்தது. தாலாட்டுப்போல் மென்மையாகப் பாடுவோரையும் பெருஞ்சபைக்கு உரியவராக்கியது மைக்கே அன்றோ?

எல்லாப் பாட்டும் இச்சோதனைக்கு உரியதும் அன்று. இளையராஜா அவர்கள் அமைத்த பாட்டுகள் பலவற்றில் வயலின் கூட்டமும் குழலும் பாட்டின் உறுப்புகள். மேலே போர்த்திய சால்வை அல்ல. அவற்றை நீக்கினால் பாட்டே ஊனமாகும். எதை நீக்கலாம், எதை நீக்கலாகாது என்று அறிவதே ரசனை.

இனி நம்மவர் செய்திக்கு வருவோம். எம்.டி.வி.யின் இந்தியப் பதிப்பில் ‘அன்பிளக்டு’ 2011-இல் தொடங்கிற்று. அதில் ஒலித்தவை பெரும்பாலும் இந்திப் பாட்டுகள். 2012-இல் ஏ. ஆர். ரஹ்மான் அவர்கள் அம்மேடைக்கு வந்தபோது, ‘நெஞ்சுக்குள்ளே’ என்னும் தமிழ்ப்பாட்டைச் சக்திஸ்ரீ கோபாலன் பாட, நாடு முழுவதும் கேட்டது. வைரமுத்து அவர்கள் இயற்றிய அப்பாட்டு, மணிரத்னம் அவர்களின் ‘கடல்’ படத்துக்கு உரியது. படம் திரைக்கு வந்தது 2013 பிப்ரவரியில். ஆக, திரையில் வருமுன்னரே, நட்சத்திரங்களின் முகமோ காட்சியோ துணையின்றி, அம்மேடையிலேயே அப்பாட்டு மக்களிடம் சேர்ந்துவிட்டது. நம் அலுவலகத்தில் தமிழறியாத இளைஞர்கள் சிலர் அதை முணுமுணுக்கக் கேட்டுப் பொருள் சொல்லச் சொன்னதும் உண்டு. வாத்தியங்கள் அடங்கியிருந்தமையால் சொற்கள் தெளிவாக விழுந்தன. விழுந்தமையால் பொருள் கேட்கத் தோன்றிற்று.

இவ்விடத்தில்தான் இத்தட்டு நம் சங்கத்துக்கு ஒரு பாடம் சொல்கிறது என்று கருதுகிறோம். வாத்தியம் குறையும்போது முன்னே வருவது சொல். தமிழ்நாட்டில் இருப்போருக்குச் சொல் தெருவெங்கும் கிடைக்கிறது. பேருந்திலும் கடையிலும் பள்ளியிலும் அதைக் கேட்டே வளர்கிறார்கள். விந்தியத்துக்கு வடக்கே ரயில்வே குடியிருப்பில் வளரும் நம் பிள்ளைகளுக்கோ வீட்டு வாசலைத் தாண்டினால் தமிழ்ச்சொல் இல்லை. அவர்களுக்குத் தமிழ் வந்து சேரும் வழிகள் மூன்றே: தாயின் பேச்சு, ஊரிலிருந்து வரும் தொலைபேசி, பாட்டு. இம்மூன்றில் பிள்ளைகள் தாமாக விரும்பி நாடுவது பாட்டு ஒன்றையே. அந்த வழியையும் இரைச்சலால் அடைக்கலாமா?

நம் விழாக்களில் இப்போது நடப்பதை யாவரும் அறிவர். கைப்பேசியில் கரோக்கியை ஓடவிட்டு, பாட்டின் சொற்களை இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதி வைத்துக்கொண்டு பிள்ளைகள் பாடுகிறார்கள். சொல் தவறினாலும் முரசொலி மூடிவிடுகிறது. நின்றுவிட்டாலும் வாத்தியம் ஓடிக்கொண்டேயிருக்கிறது. சென்ற ஆண்டு விழாவில் ஒரு சிறுமி இனிய குரலில் பாடிப் பரிசு பெற்றாள். மேடையிலிருந்து இறங்கியதும் முன்வரிசைப் பாட்டி ஒருவர் அணைத்துக்கொண்டு, “என்ன பாடினே கண்ணு, அர்த்தம் சொல்லு பார்ப்போம்” என்றார். குழந்தை திகைத்துத் தாயின் முகத்தைப் பார்த்தது. குற்றம் குழந்தையினுடையதன்று. பொருள் தெரியாமலே பாடி முடிக்கும் வசதியை அதற்கு அமைத்துக் கொடுத்தவர்கள் பெரியவர்கள்.

அதே மண்டபத்தின் பின்வரிசையில், ஐம்பது அறுபது பாட்டுகளை முழுமையாக மனப்பாடம் செய்துள்ள தாய்மார்களும் ஓய்வுபெற்ற பெரியவர்களும் அமர்ந்திருந்தனர். கரோக்கியின் வேகத்துக்கு ஓட அவர்களால் இயலவில்லை. ஆகவே மேடைக்கு வருவதில்லை. பாட்டு அறிந்தோர் பின்னே இருக்க, அறியாதோர் முன்னே பாடுகிறார்கள். இருவரையும் சேர்த்து அமர்த்தினால் ஒரு தலைமுறையின் சொத்து மறு தலைமுறைக்குக் கை மாறும். அமர்த்தத் தவறினால் இன்னும் பத்து ஆண்டுகளில் கை மாற்றுவதற்கு ஆளும் இரார். அதைக் கேட்கத் தெரிந்த செவியும் இராது.

ஆதலின் செயற்குழுவினர் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். வரும் பொங்கல் விழாவில் இசை நிகழ்ச்சிக்கென ஒதுக்கும் நேரத்தில் அரை மணியை மட்டும் ‘வெறுங்குரல் அரங்கம்’ என்று பிரித்துத் தாருங்கள். ஓர் ஆர்மோனியம், ஒரு டோலக்கு, ஒரு மைக், இவ்வளவே போதும். கரோக்கி வேண்டா, கையில் தாளும் வேண்டா. பாடும் பிள்ளை, பாட்டின் பொருளை இரண்டு வாக்கியத்தில் தமிழில் சொல்லிவிட்டுப் பாடட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் துணையாக அமரட்டும். சொல்லிக் கொடுத்தவரும் அவரே, மறந்தால் எடுத்துக் கொடுப்பவரும் அவரே. சங்க நிதிக்கு இதனால் ஒரு காசும் செலவில்லை.

“சபைமுன் பிள்ளை தடுமாறினால் என் செய்வது? கூச்சப்படாதா?” என்று தாய்மார்கள் சிலர் நம்மிடமே கேட்டனர். பெற்றோரின் அச்சம் நியாயமானதே. ஆனால் மெக்கார்ட்னி தாமே எழுதிய பாட்டில் தடுமாறி, சிரித்து, மறுபடி தொடங்கினார் என்பதை மேலே கண்டோம். அன்று அந்தச் சபை அவரைச் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டது. நம் சபையும் அவ்வாறே நடந்துகொள்ளுமாயின் எந்தக் குழந்தையும் கூசாது. ஆகவே முதலில் பயிற்சி வேண்டியது பாடுவோருக்கு அன்று, கேட்போருக்கே. தவறியவுடன் பக்கத்து இருக்கையாரிடம் குனிந்து பேசாமல் இருப்பதும், மீண்டும் தொடங்கும்போது கை தட்டுவதும் அப்பயிற்சியின் முதற்பாடம்.

பெயர் கொடுக்க விரும்புவோர் மார்கழி பிறக்குமுன் சங்கச் செயலாளரிடம் தெரிவித்தால், மார்கழி மாதத்து ஞாயிறு மாலைகளில் நம் நூலக அறையிலேயே பயிற்சி நடத்தலாம். மேற்சொன்ன இசைத்தட்டைக் கேட்க விரும்பும் இளைஞர்களும் அங்கே வரலாம். வங்காளி அன்பரும் உடன் வருவதாக இசைந்துள்ளார். நம் பிள்ளைகள் பாடும் தமிழ்ப்பாட்டைக் கேட்டுப் பொருள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. பொருள் சொல்ல வேண்டிய பொறுப்பைப் பாடும் பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறோம்.