இறால் ஓடும் விஞ்ஞானியின் கணக்கும்

பழவேற்காட்டு ஏரியில் இறாலுக்கு உள்ள மதிப்பு ஊரறிந்தது. இறால் ஓட்டுக்கோ ஒரு மதிப்பும் இல்லை; உரித்த கையோடு அது குப்பைக்குப் போகிறது. ஆனால் ரசாயன சாஸ்திரிகள் அதைக் குப்பை என்று சொல்லமாட்டார்கள். ஓட்டை அமிலத்தில் இட்டுச் சுண்ணாம்பையும், காரத்தில் இட்டுப் புரதத்தையும் போக்கினால் கைட்டின் மிஞ்சும். அதைக் கடுங்காரத்தில் காய்ச்சினால் கைட்டோசான் என்னும் சரக்கு உண்டாகும்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ரசாயனப் பேராசிரியர் ஸ்ரீ டி. பிரதீப்பும் அவருடைய குழுவினரும் இந்தக் கைட்டோசானோடு அலுமினியச் சேர்மத்தைப் பிணைத்து, வெள்ளியின் அதிநுண் துகள்களை அதில் பொதித்து, ஆற்றுமணல் போன்ற ஒரு வடிபொருளைச் செய்தார்கள். வெள்ளி சிறிது சிறிதாக நீரில் கசிந்து கிருமிகளைக் கொல்லும், மின்சாரம் வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 2.5 டாலர் செலவில் நல்ல தண்ணீர் தரலாம் என்று 2013-ம் வருஷத்தில் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் எழுதினார்கள்.

ஸ்ரீ பிரதீப் 500-க்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பிரசுரித்திருக்கிறார். 2008-ல் பட்நாகர் பரிசும், 2020-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இத்தகையவர்களை எடைபோட விஞ்ஞான உலகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒருவர் எழுதியதைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாண்டார்கள் என்பதே அது. யூஜீன் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர் 1964-ல் இதற்கென ஓர் அட்டவணையையே வெளியிட்டார். 2005-ல் ஹிர்ஷ் என்ற பௌதிக சாஸ்திரி ஒரு குறியெண்ணைக் கற்பித்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 50 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 50 முறையேனும் எடுத்தாளப்பட்டு, 51-க்கு அந்தப் பேறு கிட்டாவிட்டால், அவருடைய எண் 50.

இந்தக் கணக்கு வீணன்று. மேலதிகாரியின் தயவைவிடச் சக விஞ்ஞானிகளின் சாட்சி மேலானது அல்லவா? ஆயினும் கூட்டம் மிகுந்த துறையில் மேற்கோளும் மிகும். கிரியா ஊக்கிகளையும் புதுப்பொருள்களையும் பற்றி உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள். அங்கே எண் விரைவில் ஏறும். ஒரு சிற்றேரியின் உப்பைப் பற்றி ஆராய்கிறவருக்கு அந்தப் பாக்கியம் ஏது?

இன்னொன்றும் உண்டு. உலோக நுண்துகள்கள் கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற விஷங்களைச் சிதைப்பது பற்றிய ஸ்ரீ பிரதீப்பின் 2003-ம் வருஷத்துக் கட்டுரை, பெங்களூரில் 1932 முதல் வெளிவரும் ‘கரண்ட் சயன்ஸ்’ என்னும் நம் தேசத்துச் சஞ்சிகையில் வந்தது. அந்த வழியில் நடந்த ஆராய்ச்சி, பூச்சிமருந்து கலந்த நீரைச் சுத்தம் செய்யும் வடிகலமாக 2007-ல் கடைக்கு வந்தது. அந்த நீரைப் பருகிய குடும்பத்தார் எந்தச் சஞ்சிகையிலும் மேற்கோள் காட்டப்போவதில்லை. அவர்களுடைய ஆரோக்கியம் அட்டவணையில் ஏறாது.

மறுபடியும் ஏரிக்கரைக்கு வருவோம். இறால் ஓட்டின் மகிமையால் பழவேற்காட்டின் தாகம் தீர்ந்துவிடுமா? தீராது. ஒருபுறம் கடல், மறுபுறம் உவர் ஏரி. தெற்கே மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீரை மிகையாக இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது. கிருமியைக் கொல்லும் அந்த வடிபொருள் உப்பைப் பிரிக்காது. அண்டையிலுள்ள காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும்படி 2010-ல் ஏற்பட்ட ஆலையோ சென்னை நகரத்தை உத்தேசித்து அமைந்தது.

பழவேற்காட்டு மீனவரிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. மீன் மிகும் இடத்தில் யார் எந்நாள் வலையிடுவது என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொள்கிறார்கள். அதுவும் ஒரு கணக்குத்தான். யார் அதிகம் பிடித்தார் என்பதை விட்டு, முறைக்குரிய வீடுகளில் எந்த அடுப்பும் அணையக்கூடாது என்பதை அது பார்க்கிறது.

நம் சர்வகலாசாலைகள் மேற்கோளை எண்ணட்டும்; யாருடைய குடம் நிறைந்தது என்றும் உடன் ஒரு கேள்வி கேட்கட்டும். ஏழைக்கு எட்டும் விலையில் உப்பைப் பிரித்துத் தரும் ரசாயனி, அட்டவணையில் எந்த வரியில் இருந்தாலும், அவர் பெயரை ஏரிக்கரைக் கிராமங்கள் மறக்கமாட்டா.