சார்ஜ் ஏறலையா? போனை மாத்துறதுக்கு முன்னாடி கேபிளைப் பாருங்க!

சார்ஜ் ஏறலைன்னா உடனே புது போனுக்கு இஎம்ஐ போடாதீங்க.

டைப்-சி தரத்தின்படி ஒரு போர்ட் 10,000 முறை செருகி எடுப்பதைத் தாங்கணும். தினம் இரண்டு முறைன்னா 13 வருஷத்துக்கு மேல! அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங்குகளையும் கேபிள் முனையிலதான் வச்சிருக்காங்க. தேய்மானம் விலை குறைஞ்ச பொருளுக்குப் போகட்டும்னு செஞ்ச வடிவமைப்பு இது.

அதனால முதல்ல வேற கேபிள் போட்டுப் பாருங்க. அதுவும் முழுசா உள்ள போகலையா? போனை ஆஃப் பண்ணிட்டு, மரத்துல செஞ்ச பல்குத்தும் குச்சியால அழுக்கை மெதுவா எடுங்க, ஊசி வேண்டாம். அப்புறமும் நல்ல கேபிள் ஆடினா, "போர்ட் மட்டும் மாத்த எவ்வளவு?"ன்னு கடையில கேளுங்க.

கேபிள் செலவு, போன் சொத்து. செலவுல முடியுற விஷயத்துக்குச் சொத்தை மாத்துறது வீண் கடன்தான்.