‘வல்லவன்’ கவிதையாகுமா?

ஹிப் ஹொப் என்னும் இசைவகையைப் பற்றி யூபிலி மலரொன்றில் எழுதப் புகுவது முறையோ என்று ஐயுறும் அன்பர் சிலர் இருத்தல் கூடும். ஆயினும், நம் மாணவர் நாள்தோறும் விரும்பிச் செவிமடுக்கும் செய்யுள் யாது என்று வினவினால், அதற்கு விடை பாடப்புத்தகத்தில் இல்லை. அவர்தம் காதிற் செருகிய கருவியிலேயே இருக்கின்றது. அதனைச் செய்யுள் என்று சொல்லலாமோ என்பதே வழக்கு. விசாரியாமலே தீர்ப்புக் கூறுவோர் இரு திறத்தார். ஒரு சாரார் அது வெற்றிரைச்சல் என்பர். மற்றொரு சாரார் பாரதிக்குப் பின் தோன்றிய பெரும்புதுமை அதுவே என்பர். இரு சாராரும் பாட்டைச் சீர் பிரித்துப் பார்த்தவராகத் தெரியவில்லை.

எனவே ஒரு தொகுப்பை முன்வைத்துப் பேசுவோம். 2006ஆம் ஆண்டில் மலேசியாவிலிருந்து யோகி பி என்பவரும் நட்சத்ரா குழுவினரான டாக்டர் பேர்ன், எம்சி ஜெஸ் என்பவர்களும் சேர்ந்து வெளியிட்ட ‘வல்லவன்’ என்னும் இசைத்தொகுப்பே அது. யோகி பி அதற்கு முன்னரே பொயற்றிக் அமோ என்னும் குழுவில் இருந்து, 1998இற் பன்மொழித் தொகுப்பொன்றிற் பாடியவர். ‘வல்லவன்’ தொகுப்பிற் பெரும்புகழ் பெற்ற பாட்டு ‘மடை திறந்து’. அதன் பல்லவி 1980இல் வெளிவந்த ‘நிழல்கள்’ திரைப்படத்திற்காக வாலி எழுத, இளையராஜா இசையமைக்க, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடியது. அப்பல்லவியை நடுவில் நிறுத்தி, அதனைச் சுற்றித் தம் சொல்லிசையைக் கட்டினர் இம்மூவரும். ஏறத்தாழ இருபது ஆண்டு கழிந்தும், தமிழிற் சொல்லிசை பாடப் புகும் இளைஞர் பலருக்கு இது முன்மாதிரியாய் நிற்கின்றது.

இனி யாப்பைப் பார்ப்போம். 1973இல் நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியிற் கறுப்பின இளைஞர் நடுவே முளைத்த இக்கலைக்கு உயிர்நிலை இயைபு. முதலில் அடியிறுதியில் மட்டும் வந்த இயைபை அடியின் நடுவிலும் பின்னிக் காட்டிய பெருமை, 1987இல் ‘பெயிட் இன் ஃபுல்’ தொகுப்பிற் பாடிய றகிம் என்பவருக்கு உரியது. ஆங்கிலத்தில் இயைபு அரிதிற் கிடைப்பது. ஆதலின் அதற்கு மதிப்புண்டு. தமிழிலோ வினைமுற்று விகுதிகளே இயைபைக் கூலியின்றிக் கொடுத்துவிடும். ‘ஏன்’ என்றும் ‘ஆன்’ என்றும் முடியும் வினைகளை ஒருவன் வரிசையாய் அடுக்கினால் இயைபு தானே வந்து விழும். அதிற் புலமைக்கு வேலையில்லை. ஆங்கிலச் சொல்லிசையை அளக்கும் கோலைக் கொண்டே தமிழ்ச் சொல்லிசையையும் அளந்து, ‘இறுதி எழுத்துக்கள் எவ்வளவு ஒத்து வருகின்றன பார்த்தீரா’ என்று வியப்போர் இதனை மறந்துவிடுகின்றனர். தமிழுக்கு அருமையானது எதுகை. அதற்கு அடுத்தது மோனை. ‘வல்லவன்’ தொகுப்பைச் செவிகூர்ந்து கேட்பார்க்கு, அதன் சிறந்த பகுதிகளில் எதுகை அடிமுதலில் மட்டும் நில்லாது சீர்விட்டுச் சீர் தாவிச் செல்வது புலப்படும். அவர்கள் காரிகை கற்றுத்தான் பாடினரோ என்பது நமக்கு வேண்டாத வினா. செவி அறிந்திருக்கின்றது, அது போதும்.

தாளத்தை நிறுத்திவிட்டுத் தாளில் எழுதிப் பார், அப்போதும் நின்றால் கவிதை, நில்லாவிட்டாற் கூச்சல் என்று ஒரு சோதனை சொல்லப்படுகின்றது. இச்சோதனையைக் காவடிச் சிந்துக்கு வைத்தால் என்னாகும்? திருப்புகழுக்கு வைத்தால் என்னாகும்? அருணகிரிநாதர் பாடல்களுக்குச் சந்தக் குழிப்பே முதல் இலக்கணம். குழிப்பை நீக்கி வாசித்தாற் பாதிப் பாட்டும் போய்விடும். அளவெட்டியிற் பிறந்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. என். கே. பத்மநாதனின் நாதசுவரமும், இணுவிலிற் பிறந்து இவ்வூரோடும் பெயரிணைந்த தெட்சணாமூர்த்தியின் தவிலும் ஒலித்த மண் இது. நான்கு எண்ணும் சதுச்சிர நடையில் மூன்று எண்ணும் திச்சிரத்தை இழைத்து, அடி தவறாது முத்தாய்ப்பு வைக்கும் வித்தையைக் கோயில் வீதியில் நின்று கேட்ட செவிகள், சொல்லிசைப்பாடகன் நான்கடித் தாளத்தின்மேற் சொற்களை முன்னும் பின்னும் தள்ளி வைப்பதைப் புதுமை என்று மருளவும் வேண்டா. இழிவு என்று மூடிக்கொள்ளவும் வேண்டா. சொற்கட்டுக்குப் பொருள் ஏற்றினாற் கிடைப்பது ஏறத்தாழ இதுவே.

அயலார் வடிவம் என்பாரும் உளர். அவர்க்கு இவ்வூரிலேயே விடையிருக்கின்றது. 1927இல் அளவெட்டியிற் பிறந்து 1971இல் மறைந்த து. உருத்திரமூர்த்தி, மஹாகவி என்னும் புனைபெயரால் ஈழம் அறிந்த கவிஞர், ஆங்கிலத்தில் ‘லிமரிக்’ என்று வழங்கும் ஐந்தடி நகைப்பாட்டை எடுத்துத் தமிழ் யாப்பிற்கு இசைவித்து, அதற்குக் ‘குறும்பா’ என்று பெயருஞ் சூட்டி 1966இல் நூலாக்கினார். வடிவம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை, அதற்காக நாணவுமில்லை. யாப்பை உடையாமல், அதனுள்ளே பேச்சோசையை நடமாட விட்டவர் அவர்.

ஆனால் அவரையே அளவுகோலாக வைக்கும்போதுதான் ‘வல்லவன்’ தொகுப்பின் குறையும் தெரிகின்றது. ஓசையில் வல்ல இத்தொகுப்பு பொருளில் அவ்வளவு வல்லதன்று. பெயரே காட்டுகின்றபடி, தன்னைத் தானே வியத்தல் இதிற் பெருகிக் கிடக்கின்றது. புலமைச் செருக்கு தமிழுக்குப் புதிதன்று. காளமேகம் பாடாத செருக்கா? எனினும் காளமேகத்தின் செருக்கில் எதிராளி ஒருவன் நிற்பான், ஓர் ஊர் நிற்கும், ஒரு சத்திரத்துச் சோறு நிற்கும். இங்கே எதிராளி யார் என்று தெரியாமலே போர் நடக்கின்றது. இதனை நன்னூலார் கூறியது கூறல் என்னும் குற்றத்தில் அடக்குவர். 1994இல் நாஸ் என்பவர் வெளியிட்ட ‘இல்மற்றிக்’ இன்றளவும் போற்றப்படுவதற்குக் காரணம் இயைபு மட்டுமன்று. தாம் வளர்ந்த குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பின் மூலைமுடுக்கெல்லாம் அதில் இருப்பதே. மஹாகவியோ ‘தேரும் திங்களும்’ பாடி, வடம்பிடிக்க வந்த இளைஞனுக்குத் தன் சமூகமே செய்த கொடுமையைச் சமூகத்தின் முகத்துக்கு நேரே சொன்னார். கோலாலம்பூர்த் தமிழிளைஞன் ஒருவனின் வீடும் வேலையும் அவமானமும் ‘வல்லவன்’ தொகுப்பில் இன்னும் எவ்வளவோ இடம் பெற்றிருக்கலாம்.

இதற்கு நேர்மாறான குறையுடையது, யாழ்ப்பாணத்திற் பிள்ளைப்பருவத்தைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம், எம். ஐ. ஏ. என்ற பெயரில், 2005இல் தந்தையின் இயக்கப்பெயராலேயே வெளியிட்ட ‘அருளர்’. அங்கே போரும் பெயர்வும் உண்டு; மொழி ஆங்கிலம். ஒன்றில் நம் மொழி, மற்றொன்றில் நம் கதை. இரண்டும் ஒருங்கே அமைந்த தொகுப்பை நாம் காத்திருக்கின்றோம் என்பதே நம் கருத்து.

இவ்விசாரணை ஏன் ஒரு கல்லூரி மலருக்கு வேண்டும் எனில், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளரும் நம் பேரப்பிள்ளைகளுட் பலர் தமிழைக் கண்ணால் அறியார், காதாலேயே அறிவர். அவர்கள் தமிழில் ஏதேனும் கட்டுவதாயின் வெண்பாவாற் கட்டப் போவதில்லை. ஊரிலே படிக்கும் பிள்ளையும் யாப்பிலக்கணத்தைப் பரீட்சை முடியும்வரை சுமந்துவிட்டு இறக்கி வைக்கின்றான். தமிழ்மொழித் தினப் போட்டிகளிற் பாவோதல் என்றொரு போட்டி உண்டு. அதற்குப் பயிற்றும் ஆசிரியர் திருப்புகழ் ஒன்றையும் ‘வல்லவன்’ தொகுப்பிற் பத்து அடியையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, அசை பிரித்து, எங்கே தாளம் விழுகின்றது, எங்கே எதுகை விழுகின்றது என்று காட்டுவாராயின், எதுகை உயிருள்ள பொருள் என்பதை மாணவர் அன்றே உணர்வர்.

அத்தொகுப்பில் ஆங்கிலச் சொற்கள் மிகுதி, அதனை வகுப்பறைக்குள் எங்ஙனம் கொணர்வது என்று ஆசிரியர் சிலர் மறுப்பர். அருணகிரிநாதர் வடசொல்லை அள்ளி வழங்கியவர்; ‘சலாம்’ என்னும் அராபியச் சொல்லையும் முருகன் சந்நிதிக்குக் கொண்டு போனவர். ஆதலிற் சொல்லின் சாதியை விசாரிப்பதில் வேலையில்லை. விசாரிக்க வேண்டியது, அச்சொல் அந்த இடத்தில் என்ன செய்கின்றது என்பதே. ‘வல்லவன்’ தொகுப்பில் ஆங்கிலச் சொற்கள் சில, அந்நாட்டு இளைஞர் பேசும் பேச்சே அவ்வாறிருத்தலின் இயல்பாய் வந்து அமர்ந்தவை. அவற்றை எடுத்தாற் பாட்டுக் கெடும். வேறு சிலவோ, தாளத்தில் ஓரிடம் வெறுமையாய் நிற்கப் பொறாமல் அதனை அடைக்க வந்தவை. அவை வெற்றெனத் தொடுத்தல். எவை எவ்வகை என்று பிரித்துக் கொடுக்கும் வேலையை மாணவரிடமே விட்டுவிடலாம். அவர்கள் நம்மிலும் நன்றாய்ச் செய்வர்.