ஓடிக்கொண்டே இருக்கும் பெட்டியும் பேச்சு பழகும் குழந்தையும்

அன்பியக் கூட்டத்துக்கு வீடு வீடாகச் செல்லும் நாம் எல்லோரும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்போம். பாய் விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, செபமாலையைத் தொடங்கியாகிவிட்டது. தொலைக்காட்சியின் ஒலியை மட்டும் குறைத்திருக்கிறார்கள், படம் ஓடிக்கொண்டிருக்கிறது. தாயின் மடியில் இருக்கும் ஒன்றரை வயதுக் குழந்தையின் கண்கள் அங்கேதான். முன்பெல்லாம் பெட்டியின் தலைமேல் மாதா சுரூபமாவது இருக்கும். பெட்டி தட்டையாகிச் சுவரில் ஏறிவிட்டதால் சுரூபமும் பக்கத்து அலமாரிக்குப் போய்விட்டது.

வீட்டுக்காரர்களுக்குப் பக்தி இல்லை என்று சொல்ல முடியாது. அணைக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மின்விசிறி ஓடுவதைப் போல அதுவும் ஓடுகிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கியபோது நிலைமை வேறு. மாலையில் சில மணி நேரம் நிகழ்ச்சி இருக்கும். முடிந்ததும் திரை தானாகவே அடங்கிவிடும். 1993இல் சன் தொலைக்காட்சி வந்தது, கேபிள் தெருத்தெருவாகப் பரவியது. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியபின் குடிசைக்கும் பெட்டி வந்தது. அதன்பின் கைப்பேசி. ஏழைக்கும் உலகம் தெரிய வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தப் பயணத்தில் எங்கோ ஓரிடத்தில், அணைக்கும் பழக்கம் நம் வீடுகளிலிருந்து மறைந்துவிட்டது.

திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2007ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியைச் சிறுவரும் ஊடகமும் என்ற பொருளிலேயே தந்தார். பொழுதுபோக்கு என்ற பெயரில் வன்முறையைப் போற்றும் நிகழ்ச்சிகளை அவர் கடுமையாகச் சாடினார். நம் மறையுரைகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன: ஆபாசம், வன்முறை, மாமியார் மருமகள் சதி. பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருந்தும். இன்னும் பேச்சே வராத மழலைக்கு ஆபத்து வேறு விதமாக வருகிறது. அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

2009இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள 329 குழந்தைகளின் சட்டையில் சிறிய ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, அவர்கள் காதில் விழுந்த பேச்சையும் அவர்கள் எழுப்பிய ஒலியையும் நாள் முழுவதும் பதிவு செய்தார்கள். தொலைக்காட்சி கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தை கேட்ட பெரியவர்களின் சொற்கள் சராசரியாக 770 குறைந்திருந்தன. குழந்தையின் மழலையும் குறைந்திருந்தது. குழந்தை திரையைப் பார்த்ததா என்பது கணக்கே இல்லை. பெட்டி ஒலித்தது, பெரியவர்கள் வாய் மூடிக்கொண்டார்கள்.

எழுநூற்று எழுபது சொற்கள். நம் வீட்டில் அவை எப்படி இருக்கும்? 'காக்கா எங்கே போச்சு?' 'ஆ காட்டு, இன்னும் ஒரே வாய்.' 'அப்பா வந்தாச்சு பாரு.' 'யாரு உன்னை அடிச்சா, செவுரா?' 'மாதாவுக்கு ஒரு முத்தம் குடு.' இவற்றில் அறிவுரை எதுவும் இல்லை. புத்தகத்தில் எழுதத் தக்கதும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட சொற்களில்தான் குழந்தைக்குத் தாய்மொழி ஊறுகிறது. செபமும் அப்படித்தான் வருகிறது. அருள் நிறைந்த மரியே என்று நம்மில் யாரும் எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்கவில்லை. பாட்டியின் மடியில் சாய்ந்து, அவர் நெஞ்சுக்குள் முணுமுணுத்ததைக் கேட்டே கற்றோம். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைக்குச் செபம் தெரியவில்லையே என்று ஆசிரியர்கள் அங்கலாய்க்கும்போது, அந்தப் பிள்ளையின் காதில் அது எத்தனை முறை விழுந்தது என்று கேட்க வேண்டும்.

நம் குழந்தைகளின் திருமுழுக்குச் சடங்கை நினைத்துப் பார்ப்போம். 'எப்பத்தா' என்ற பகுதியில் குருவானவர் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டு, அது இறைவார்த்தையை விரைவில் கேட்கவும் விசுவாசத்தை அறிக்கையிடவும் வேண்டுமென்று செபிக்கிறார். முதலில் காது, பிறகு வாய். மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் காது கேளாதவரை இயேசு குணமாக்கும்போதும் அப்படியே. அதற்கும் முன்பாக இன்னொன்று செய்கிறார்: அந்த மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். இரைச்சலை விட்டு விலக்கியபிறகே காதைத் தொடுகிறார்.

இதைச் சொல்லித் தாய்மாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அது அநியாயம். கணவர் வளைகுடா நாட்டில். மாமனார், மாமியார் ஊரில். சோறு பொங்கும் வரை குழந்தையை அடுப்பிலிருந்து தள்ளி வைக்கக் கைப்பேசியைத் தவிர அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதே கைப்பேசியில் இரவு அப்பா முகம் காட்டிப் பேசுகிறாரே, அதுவும் தவறா? இல்லை. பதினெட்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று 2016இல் அறிவுறுத்திய அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், உறவினரோடு முகம் பார்த்துப் பேசும் காணொளி அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்தது. அங்கே குழந்தை சிரித்தால் எதிரில் இருப்பவரும் சிரிக்கிறார். நெடுந்தொடரில் யாரும் திரும்பிச் சிரிப்பதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைத்தால் இன்னும் நல்லது என்றது.

ஊடகப் பயன்பாட்டில் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பது பெற்றோரின் கடமை என்று சொன்ன அதே 2007ஆம் ஆண்டுச் செய்தி, அதில் பள்ளிகளும் பங்குகளும் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்றும் கூறியது. திருமுழுக்குத் தயாரிப்பில் ஞானப்பெற்றோர் பெயரையும் சான்றிதழையும் கேட்கும் நாம், ஐந்து நிமிடம் இதைப் பற்றிப் பேசுகிறோமா? தனியாகத் தவிக்கும் அந்தத் தாயின் குழந்தையை மாலையில் அரை மணி நேரம் தூக்கி வைத்துக்கொள்ள அன்பியத்தில் ஓர் அக்கா கூடவா கிடைக்க மாட்டார்?

வீட்டில் தொடங்குவதென்றால், விளக்கு வைக்கும் நேரம் முதல் குழந்தை தூங்கும் வரை பெட்டியை அணைத்து வைக்கலாம். ரிமோட்டில் அல்ல, சுவர் சுவிட்சில். பாட்டிக்குத் தொடர் விட்டுப்போகுமே என்று கவலைப்பட வேண்டாம். அதை மறுநாள் குழந்தை தூங்கும்போது கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். முதல் வாரம் குழந்தை அழும், பெரியவர்களுக்கும் கை பரபரக்கும். ஒரு கிண்ணம் சோறு ஊட்டக் கூடுதலாக இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.